மூன்றாவது செஷனில் கைப்பிடி வரை வந்த பிரேக் லீவர்: எதை மாற்றுவது?

வண்டலூர் வாசி:

வணக்கம் நண்பர்களே. போன ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதைக்கு டிராக் டே (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பழகும் நாள்) ஓட்டப் போயிருந்தேன். இது எனக்கு இரண்டாவது முறை. வண்டி 300 சிசி. முன்னால் ஒற்றை டிஸ்க், 300 மி.மீ. விட்டம். நான்கு ஆண்டுகளில் 22,000 கி.மீ. ஓடியிருக்கிறது.

காலையில் ஓட்டிய இரண்டு செஷன்களிலும் எந்தக் குறையும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது செஷன். ஐந்தாவது சுற்றில், வேகமாக வந்து பலமாக பிரேக் பிடிக்க வேண்டிய ஒரு வளைவுக்கு முன்னால் லீவரை இழுத்தேன். எதிர்ப்பே இல்லாமல் அது கைப்பிடி வரை வந்துவிட்டது. இரண்டாவது முறை அழுத்தியபோது கொஞ்சம் பிடித்தது. அதற்குள் வளைவு கடந்துவிட்டது. வண்டியை நிமிர்த்தி நேராக மண்ணில் விட்டு நிறுத்தினேன். விழவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் அந்த வெறும் லீவர்தான் விரல்களில் தெரிந்தது.

உடன் வந்த நண்பர் முன் பிரேக்கை முழுதாக மாற்றச் சொல்கிறார். 320 மி.மீ. டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் காலிபரும் வேறு, லீவரை இழுத்தால் ஆயிலைத் தள்ளும் 19 மி.மீ. ரேடியல் மாஸ்டர் சிலிண்டர், ஆயில் போகும் எஃகு பின்னல் ஹோஸ். நாற்பதாயிரம் வரை சேர்த்து வைத்திருக்கிறேன். அடுத்த டிராக் டேக்கு ஐந்து வாரங்கள் இருக்கின்றன. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

அம்பத்தூர் பட்டறை:

தம்பி, விழாமல் வந்ததே பெரிது. பணத்தை எடுப்பதற்கு முன் சில கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். "பிரேக் போய்விட்டது" என்று பட்டறைக்கு வருபவர்கள் நான்கு வேறு வேறு கோளாறுகளை அந்த ஒரே சொல்லால் சொல்வார்கள். மருந்து நான்குக்கும் வேறு.

லீவர் பஞ்சு போலாகிக் கைப்பிடி வரை வந்தால் பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. லீவர் கல்லைப் போல உறுதியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் டிஸ்க்கை உரசிப் பிடிக்கும் பேட் சூடேறித் தன் பிடிப்பை இழந்திருக்கிறது. பேடில் உள்ள பிசின் வெந்து வாயு கிளம்பும், பாதையோரத்தில் கூட அந்தக் கருகல் வாடை தெரியும். பாதையோரக் கர்ப் (விளிம்புக் கட்டை) மேல் ஏறி இறங்கிய பிறகோ, ஹேண்டில் படபடவென்று ஆடிய பிறகோ முதல் இழுப்பு மட்டும் காலியாகப் போய் இரண்டாவது இழுப்பு சரியாக இருந்தால், டிஸ்க் ஆடி பேடைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது. லீவர் விரலில் துடித்தால் டிஸ்க் மேற்பரப்பைப் பார்க்க வேண்டும்.

உங்களுடையது எது? பாடக்கில் (வண்டிகளை நிறுத்தும் இடத்தில்) ஆறிய பிறகு லீவர் எப்படி இருந்தது? ஆயில் டப்பாவின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் என்ன நிறம்? கடைசியாக எப்போது ஆயில் மாற்றினீர்கள்?

வண்டலூர் வாசி:

அண்ணா, முதலாவதுதான். பஞ்சு. கர்ப் எதிலும் ஏறவில்லை. அரை மணி நேரம் பாடக்கில் நின்ற பிறகு லீவர் பழையபடி ஆகிவிட்டது. வீட்டுக்கு வரும்போது நெடுஞ்சாலையில் எந்தக் குறையும் தெரியவில்லை. அதுதான் என்னை அதிகமாகக் குழப்புகிறது.

ஆயிலின் நிறம் கடுங்காப்பி. பழைய சர்வீஸ் பில்களையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சர்வீஸிலும் "பிரேக் சரிபார்ப்பு" என்று பணம் வாங்கியிருக்கிறார்கள். ஆயில் மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. நான்கு ஆண்டுகளாக அதே ஆயில்தான்.

அம்பத்தூர் பட்டறை:

அப்படியென்றால் சந்தேகமே வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதைப் போல. டப்பா மூடியிருந்தாலும் ரப்பர் ஹோஸ் வழியாகவே கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உள்ளே போகும். கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது இன்னும் விரைவாக நடக்கும்.

டாட் 4 என்ற வகை பிரேக் ஆயிலுக்குத் தர விதி கேட்பது புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி கொதிநிலை. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் ஏறிய பிறகு அதே ஆயிலுக்கு 155 டிகிரி இருந்தால் போதும் என்கிறது அந்த விதி. எழுபத்தைந்து டிகிரி காணாமல் போகிறது பாருங்கள். காலிபருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி வரும். ஆயிலை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். நீங்கள் லீவரை இழுத்தபோது அந்தக் குமிழிகளைத்தான் நசுக்கினீர்கள், பேட் நகரவில்லை. ஆறியதும் குமிழி மறையும், லீவர் திரும்பும். சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று அடுத்த டிராக் டேக்கு அப்படியே போகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பந்தயத்துக்கென்று வரும் டாட் 4 ஆயில் வாங்குங்கள். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதிதாக 312 டிகிரி வரை தாங்கும். டிராக் டேக்கு முந்தைய வாரம் முழு ஆயிலையும் மாற்றுங்கள். டாட் 5 என்று எழுதியதை மட்டும் தொடாதீர்கள். அது சிலிக்கான் ஆயில், நம் வண்டிகளின் அமைப்புக்குப் பொருந்தாது, மற்றதோடு கலக்கவும் கூடாது. டாட் 5.1 என்பது வேறு. அது டாட் 4 குடும்பம்தான்.

கணக்கு வாத்தியார்:

ஆயில் ஏன் கொதிக்கிறது என்பதற்கு ஒரு சிறிய கணக்கு. வண்டியும் ஓட்டுபவரும் கவச உடையும் சேர்த்து 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 150 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறங்கும்போது ஏறத்தாழ 170 கிலோ ஜூல் ஆற்றல் எங்கேயாவது போக வேண்டும். 30 டிகிரியில் இருக்கும் மூன்று டம்ளர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அவ்வளவு வெப்பம் போதும். சமையலறை அடுப்பில் அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். நீங்கள் அதை மூன்று நான்கு விநாடிகளில் செய்கிறீர்கள். காற்றின் எதிர்ப்பு கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மீதியில் பெரும்பங்கு ஒன்றேகால் கிலோகூட இல்லாத ஓர் எஃகுத் தட்டுக்குள் போகிறது. ஒரே ஒரு பிடிப்பில் டிஸ்க்கின் சராசரி வெப்பம் இருநூறு டிகிரிக்கு மேல் ஏறிவிடும். அடுத்த வளைவுக்குள் காற்று அதை ஆற்ற வேண்டும். ஆறுவது ஏறுவதைவிடக் குறைவாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் அடிப்படை வெப்பம் உயர்ந்துகொண்டே போகும். உங்களுக்கு முதல் சுற்றில் போகாமல் ஐந்தாவது சுற்றில் போனதற்குக் காரணம் அதுதான்.

அடுத்து, அந்த 19 மி.மீ. மாஸ்டர் சிலிண்டர். இதை மட்டும் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த அளவு முன்னால் இரட்டை டிஸ்க்கும் எட்டு பிஸ்டன்களும் உள்ள பெரிய வண்டிகளுக்கானது. ஒற்றை டிஸ்க் வண்டிகளில் பெரும்பாலும் 12.7 மி.மீ. போன்ற அளவுதான் இருக்கும். நீங்கள் கையால் கொடுக்கும் விசை பிஸ்டனின் பரப்பால் வகுபட்டுத்தான் அழுத்தமாகிறது. 12.7-க்குப் பதில் 19 போட்டால் பரப்பு 2.24 மடங்கு. லீவரின் நெம்புகோல் விகிதம் மாறாவிட்டால், இப்போது பிடிக்கும் அதே பிரேக்குக்கு இரண்டே கால் மடங்கு பலமாக இழுக்க வேண்டும். நிறுத்தி வைத்து அழுத்திப் பார்த்தால் லீவர் மரக்கட்டை போல உறுதியாக இருக்கும், பிரமாதம் என்று தோன்றும். ஓட்டும்போது பிரேக்கே இல்லாதது போல இருக்கும்.

மேட்டுப்பாளையம் சாலை:

மேலே எழுதியவர்களோடு ஓரளவு மாறுபடுகிறேன். ஆயில் மாற்ற வேண்டும், மறுப்பில்லை. ஆனால் பெரிய டிஸ்க் வீண் என்ற எண்ணம் புதியவர்களுக்கு வந்துவிடக் கூடாது. பெரிய டிஸ்க் அதிக வெப்பத்தைத் தாங்கும். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே 2.1 கி.மீ. தான். நேர்ப்பாதைகள் குறுகியவை, ஒரு பிரேக்குக்கும் அடுத்த பிரேக்குக்கும் இடையில் டிஸ்க் ஆறுவதற்கு நேரமே கிடையாது. நான் அங்கு இரண்டு ஆண்டுகள் பழைய டிஸ்க்கோடு போராடிவிட்டு 320 போட்டேன். அதன் பிறகுதான் கடைசிச் சுற்று வரை ஒரே மாதிரி பிடித்தது. காசு வீணானதாக நான் நினைக்கவில்லை.

கணக்கு வாத்தியார்:

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. ஆனால் 300-இலிருந்து 320-க்குப் போனால் திருப்புவிசை கூடுவது ஏறத்தாழ ஏழு சதவீதம். தடிமன் அதேதான் என்றால் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் கூடும். புதிய டிஸ்க் போட்டபோது உங்களுடைய பழைய டிஸ்க் எவ்வளவு தேய்ந்திருந்தது? 4 மி.மீ. டிஸ்க் 3.5 ஆகத் தேய்ந்தால் வெப்பம் தாங்கும் எஃகில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். உங்களுக்குக் கிடைத்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் "புதியது" என்பதால் வந்திருக்கலாம்.

மேட்டுப்பாளையம் சாலை:

பழைய டிஸ்க் குறைந்தபட்ச அளவை நெருங்கியிருந்தது உண்மைதான். அதை அப்போது இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. பேடையும் அன்றே மாற்றினேன். எனவே எது எவ்வளவு உதவியது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. என் வாதத்தின் அந்தப் பகுதியைத் திரும்பப் பெறுகிறேன்.

வண்டலூர் நண்பருக்கு ஒன்று: டிஸ்க்கின் மீதே குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருப்பார்கள். மைக்ரோமீட்டர் வைத்து நான்கைந்து இடங்களில் அளந்து பாருங்கள். பெரிய டிஸ்க் போடுவதாக இருந்தால் காலிபரை வெளியே தள்ளி வைக்கும் தாங்கியை லேத் பட்டறையில் ஏதோ ஓர் அலுமினியத்தில் கடைந்து வாங்காதீர்கள். முன் பிரேக்கின் முழு விசையும் அந்தத் துண்டில்தான் நிற்கிறது. அப்படி ஒன்றில் விரிசல் விட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

பழைய சோழவரத்தான்:

இளைஞர்கள் பேசுவதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. 1986-இல் எனக்குப் பத்தொன்பது வயது. சோழவரம் ஓடுதளத்தில் அண்ணன் ஒருவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் பையனாக இருந்தேன். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் அது. நீண்ட நேர்ப்பாதை, அதன் முடிவில் சட்டென்று திரும்ப வேண்டும். அண்ணனின் வண்டி ராஜ்தூத் 350. இன்ஜின் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். ஜப்பானில் அதன் மூல வண்டிக்கு முன்னால் டிஸ்க் இருந்தது; நமக்குக் கொடுத்தது டிரம்.

டிரம் சூடானால் விரியும். விரிந்தால் உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். லீவர் சுற்றுக்குச் சுற்று நீண்டுகொண்டே வரும். டிஸ்க் சூடானால் தடித்துப் பேடின் பக்கம்தான் வரும், அந்த ஒரு வகையில் நீங்கள் கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் டிரம் தட்டில் ஓட்டை போட்டுக் காற்று விட்டோம். கேபிள் சரிசெய்யும் திருகை அண்ணன் ஓடிக்கொண்டே இடது கையால் முறுக்குவார். ஒவ்வொரு சுற்றிலும் பிரேக் பிடிக்கும் இடத்தை ஐந்து ஆறு அடி முன்னால் இழுத்துக்கொண்டே வருவார். கடைசிச் சுற்றில் பிரேக் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதை முதல் சுற்றிலேயே கணக்கிட்டு ஓட்டியவர் அவர்.

1990-இல் இருங்காட்டுக்கோட்டை வந்த பிறகு காலம் மாறிவிட்டது. ஆனால் தம்பி, லீவர் எப்படி மாறுகிறது என்று ஒவ்வொரு சுற்றிலும் விரலால் கேட்கும் பழக்கம் இன்றைக்கும் வேண்டும். உங்கள் லீவர் ஐந்தாவது சுற்றில் திடீரென்று போகவில்லை. மூன்றாவது, நான்காவது சுற்றுகளில் கொஞ்சம் நீண்டிருக்கும். நினைவுபடுத்திப் பாருங்கள்.

வண்டலூர் வாசி:

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் யோசித்தேன். ஆமாம். நான்காவது சுற்றில் லீவர் வழக்கத்தைவிட ஒரு விரல் அளவு உள்ளே வந்தது. கை களைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கயல், கோவை:

நானும் அதே தவற்றைச் செய்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். லீவர் ஒரு சுற்றில் மாறினால் அந்தச் சுற்றே வேகத்தைக் குறைத்து, கையை உயர்த்திக் காட்டி, ஓரமாக வந்து பாடக்குக்குள் நுழைந்துவிடுங்கள். மீதி பத்து நிமிடத்தை இழப்பதில் ஒன்றுமில்லை.

2020 ஆகஸ்டில் ஆஸ்திரியாவின் ஸ்பீல்பெர்க் பாதையில் மோட்டோஜிபி பந்தயத்தில் மாவெரிக் வின்யாலஸ் என்ற வீரருக்கு பிரேக் போனது. மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் போகும்போது வண்டியிலிருந்து தானே குதித்தார். வண்டி தடுப்பில் மோதித் தீப்பிடித்தது. அதற்கு முந்தைய சுற்றுகளிலேயே அவருடைய பிரேக் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. கார்பன் டிஸ்க்கும் உலகத்தின் மிகச் சிறந்த காலிபரும் இருந்த வண்டியில்தான் இது நடந்தது.

இனி ஓட்டுவதைப் பற்றி. நீங்கள் பிரேக்கை எப்படிப் பிடிக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. புதியவர்கள் பெரும்பாலோர் பயத்தில் சீக்கிரமே லேசாகத் தொட்டு, வளைவு நெருங்க நெருங்க அழுத்தத்தைக் கூட்டி, கடைசியில் கொத்தாகப் பிடித்துவிட்டுச் சட்டென்று விடுவார்கள். நான் அப்படித்தான் ஓட்டினேன். வளைவுக்குள் வண்டி நிமிரத் துடிக்கும், கோடு விலகும், பயம் இன்னும் கூடும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முதல் அரை விநாடி மென்மையாக அழுத்தி எடையை முன் டயர் மேல் ஏற்றுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்குவது கைகளில் தெரியும். அதன் பிறகு உடனே முழு பலம். அந்த உச்சம் ஆரம்பத்திலேயே வர வேண்டும், வண்டி நேராக நிற்கும்போதே. வண்டி சாயத் தொடங்கியதும் அழுத்தத்தைச் சாய்வுக்கு ஏற்ப விட்டுக்கொண்டே போங்கள். கடைசி ஐந்து சதவீதத்தை விடுவதைத்தான் நான் ஓர் ஆண்டு பயின்றேன். வேகமாகப் போவதைவிட அதில் கிடைத்த மகிழ்ச்சி பெரிது.

ஒரு கணக்கும் சொல்கிறேன், வாத்தியார் சரிபார்க்கட்டும். 140-இலிருந்து 70-க்குக் குறைக்க, புவியீர்ப்பில் 0.6 பங்கு வேகக்குறைப்பு என்றால் 96 மீட்டர் வேண்டும். 0.8 பங்கு என்றால் 72 மீட்டர். இடையில் 24 மீட்டர். அதைக் கொடுப்பது பெரிய டிஸ்க் இல்லை, முன் டயரை நம்பப் பழகிய கை. உங்கள் வண்டியின் பழைய பிரேக்கே பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கும் பலம் உள்ளதுதான். அதற்கு மேல் பலம் இருந்து என்ன செய்வது?

கணக்கு வாத்தியார்:

கணக்கு சரி. பின் சக்கரம் தூக்கும் எல்லையை நிர்ணயிப்பது ஈர்ப்பு மையத்தின் உயரமும் அது முன் சக்கரத்திலிருந்து எவ்வளவு பின்னால் இருக்கிறது என்பதும்தான், டிஸ்க் இல்லை. டிராக் டேயில் பிரேக்கிடம் நாம் கேட்க வேண்டியது ஒன்றே: முதல் சுற்றில் விரலுக்கு என்ன சொன்னதோ அதையே கடைசிச் சுற்றிலும் சொல்ல வேண்டும். பிரேக் பிடிக்கும் இடத்தைச் சுற்றுக்குச் சுற்று மாற்ற வேண்டியிருந்தால் ஓட்டுபவர் எதையும் கற்க முடியாது.

அம்பத்தூர் பட்டறை:

சரி, வேலைக்கு வருவோம். ஆயிலோடு பேடும் ஹோஸும் போதும்.

பேடின் முதுகில் இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து குளிரில் உராய்வு, இரண்டாவது சூட்டில். எச் என்றால் உராய்வுக் கெழு 0.55-க்கு மேல், ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. எச்எச் போட்ட சின்டர்டு (உலோகத் தூளை அழுத்திச் சுட்டுச் செய்த) பேட் சாலைக்கும் டிராக் டேக்கும் பொதுவாகச் சரிப்படும். சுத்தமான பந்தய பேடை வாங்கி அதையே அலுவலகத்துக்கும் ஓட்டாதீர்கள். அவற்றில் பல சூடேறினால்தான் பிடிக்கும். காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடினால் அது சூடேறும் வரை காத்திருக்க முடியாது.

புதிய பேட் போட்டதும் நேராகப் பாதைக்குள் போகக் கூடாது. ஆளில்லாத சாலையில் 60-இலிருந்து 20 வரை பத்துப் பன்னிரண்டு முறை படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டிப் பிடித்துப் பழக்குங்கள். முழுதாக நிறுத்தி லீவரைப் பிடித்தபடியே நிற்காதீர்கள். சூடான பேடின் தடம் டிஸ்க்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு லீவர் துடிக்கிறது, டிஸ்க் வளைந்துவிட்டது என்று என்னிடம்தான் வருவீர்கள்.

பின்னல் ஹோஸ் போடும்போது இரு முனைகளிலும் செம்பு வாஷர் புதிதாகத்தான் போட வேண்டும். போட்ட பிறகு முன் சக்கரத்தை முழுதாகத் தூக்கி, ஹேண்டிலை இரு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். எங்கும் இழுக்கக் கூடாது, எங்கும் உரசக் கூடாது. ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நிற்காமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்பதால் பிளீடிங் (ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றுவது) செய்யும்போது பொறுமை வேண்டும். ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று மாட்டினால் சில வண்டிகளில் கணினியைச் செருகி வால்வுகளை இயக்கித்தான் எடுக்க முடியும். டப்பாவில் ஆயில் ஒரு முறைகூட அடிமட்டத்துக்கு இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்ட் மேல் ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள், அது பெயின்ட்டைத் தின்றுவிடும்.

திருவான்மியூர் 17:

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொதுவாக நம் இருசக்கர வாகனக் காப்பீட்டில் பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் இழப்பீடு கிடையாது. பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். காலிபரும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்றிய வண்டி சாலையில் விபத்துக்குள்ளானால் அங்கும் கேள்வி எழும். பேட், ஆயிலோடு நிறுத்திக்கொள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

வண்டலூர் வாசி:

ஐந்து வாரங்கள் கழித்து எழுதுகிறேன். நேற்று மீண்டும் இருங்காட்டுக்கோட்டை.

டிஸ்க்கை அளந்தேன், தடிமன் போதுமான அளவு இருந்தது. அதைத் தொடவில்லை. ஆயில், எச்எச் பேட், பின்னல் ஹோஸ், செம்பு வாஷர்கள், அம்பத்தூர் அண்ணனின் பட்டறைக் கூலி எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. பழைய ஆயிலை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து என்னிடம் காட்டினார். அடியில் கறுப்பாகத் துகள்கள் படிந்திருந்தன. அதைத்தான் நம்பி நான்கு ஆண்டுகள் ஓட்டினேன்.

ஐந்து செஷன்கள் ஓட்டினேன். சோழவரத்து ஐயா சொன்னபடி ஒவ்வொரு சுற்றிலும் லீவர் எங்கே நிற்கிறது என்று விரலால் கவனித்தேன். நான்காவது செஷனின் முடிவில் மிகச் சிறிதளவு நீண்டது போலத் தோன்றியது. கையை உயர்த்திப் பாடக்குக்குள் வந்துவிட்டேன். பார்த்தால் டப்பாவில் அளவு சரி, கசிவு இல்லை. ஆறவிட்டு அடுத்ததில் ஓட்டினேன், ஒன்றும் ஆகவில்லை. என் மனம்தானோ என்னவோ. ஆனாலும் உள்ளே வந்தது எனக்குச் சரியாகவே படுகிறது.

போன முறை மண்ணில் ஓடிய அதே வளைவில், கயல் சொன்ன முறையில் பிடித்துப் பார்த்தேன். முதலில் ஃபோர்க்கை அமுக்கி, பிறகு பலம், பிறகு மெதுவாக விடுவது. கடைசி செஷனில் மூன்று சுற்றுகள் தொடர்ந்து ஒரே இடத்தில் பிடித்து ஒரே இடத்தில் விட்டேன். தலைக்கவசத்துக்குள் சத்தமாகச் சிரித்தேன். மிச்சப் பணத்தில் முதலில் ஒரு நாள் பயிற்சி வகுப்பில் சேரப்போகிறேன். கயல், நீங்கள் எங்கே கற்றீர்கள் என்று தனியாக எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. அரை லிட்டர் ஆயிலில் பாதி மிஞ்சியிருக்கிறது. மூடியை இறுக்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாமா?

அம்பத்தூர் பட்டறை:

வேண்டாம் தம்பி. திறந்த அன்றே அது ஈரம் குடிக்கத் தொடங்கிவிட்டது. கிளட்ச் ஆயிலாகவும் ஊற்றாதீர்கள், உங்கள் வண்டிக்குக் கேபிள் கிளட்ச்தான். சாக்கடையில் கொட்டாமல் அப்படியே பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். கழிவு ஆயில் எடுக்க வருபவரிடம் கொடுத்துவிடுகிறேன். அடுத்த டிராக் டேக்குப் புதுப் பாட்டில் வாங்குங்கள், சீல் உடைக்காததாக.